புளியமர நிழலும் யூரியா சாக்கும்

எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பொழுது சாய்ந்ததும் பெண்கள் எல்லோரும் கல்வராயன் மலைக்குப் போகிற ரோட்டோரத்துப் புளியமரங்களுக்குப் பின்னால் ஒதுங்குவோம். பஸ் வெளிச்சம் அடித்தால் அடிமரத்தின் நிழல் எங்கள் மேல் விழும். அந்த நேரத்தில் எங்களுக்குத் துணி அந்த நிழல்தான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஊர் ஆண்கள் அந்த மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். முதல் வெட்டு போட்டவன் என் தம்பி.

"இனிமே நாங்க எங்கடா ஒதுங்குறது?" என்று கேட்டேன்.

"நாங்க ஜெயிலுக்குப் போய்க்கினு இருக்கோம். உனுக்கு இன்னா, இதான் பெருசா?" என்றான்.

மறியல் முடிந்ததும் மரங்களை அறுத்து அவரவர் வீட்டுக்கு விறகாக இழுத்துப்போனார்கள். ஒரு கக்கூஸ் கட்ட எவனுக்கும் தோன்றவில்லை. நாங்கள் யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்து, மழைக்குப் போடுகிற கொங்காணி மாதிரி தலையில் மாட்டி, முகத்தை மூடிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்தோம். உடம்பை மறைக்க வழியில்லை. யாருடைய உடம்பு என்பதையாவது மறைக்கலாமே!

ஒருநாள் கூட்டம் முடிந்து கொடி கட்டிய டிராக்டர் வந்தது. அதன் வெளிச்சம் எங்கள் மேல் அப்படியே நின்றது.

"மூட்டைங்கள எவன்டா இங்க எறக்கி வச்சது?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அதில் என் தம்பியின் சிரிப்பும் கேட்டது.

மற்ற பெண்கள் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்து நின்று சாக்கைக் கழற்றி வீசினேன்.

"நல்லா பாருடா, உங்க அக்காதான்!"

"லைட்ட அணைடா, அணைடா!" என்று முதலில் அலறியவன் என் தம்பிதான்.