சந்தி சிரித்தால் சிரிக்கட்டும்

சைக்கிள் கடைக்காரனுக்குக் கையில் ஒட்டும் கிறீசைவிடக் காதில் ஒட்டும் ஊர்க்கதைதான் அதிகம். சந்தியில் கடை வைத்துக் கஷ்டப்பட்ட யாரும் இதை மறுக்கமாட்டார்கள். யுத்தத்தால் பெற்றோல் கிடைக்காமல் குடாநாடே சைக்கிளில் ஓடிய காலம் அது. என் கடை மருதனார்மடச் சந்தியில்.

வேலிச் சண்டை

"குடும்ப மானம் சந்தி சிரிக்குது" என்பதன் விளக்கத்தை நான் புத்தகத்தில் தேடவில்லை. சந்தியிலுள்ள எங்கள் சந்தைக்கு நாலு பக்கத்துச் சனமும் வரும். காலையில் ஒரு வீட்டில் நடந்த கதை, மத்தியானத்துக்குள் மரக்கறியோடு நாலு றோட்டாலும் போய்விடும். இந்தப் பேச்சு இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

ஒருநாள் எல்லை வேலியின் கதியால் தடியைத் தள்ளி நட்டதென்று அண்ணனும் தம்பியும் சந்தியில் கட்டிப் புரண்டார்கள். மூத்தவரின் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, மானம் சந்தி சிரிக்குது, வீட்டுக்கு வாங்கோ என்று கெஞ்சினார். ரியூப்புக்கு ஒட்டுப் போட என் கடையில் காத்திருந்த ஒருவர் சொன்னார்: "நாங்கள் வேறை என்னத்துக்குச் சந்தியிலை நிக்கிறம்?"

செயின் தளர்ந்த சைக்கிள்

கந்தையா அண்ணை வெங்காயத் தோட்டக்காரர். அவருடைய ஒரே மகள் வதனி, ரியூசனுக்குப் போகிற வழியில் சைக்கிளை என்னிடம் விட்டாள். செயின் தளர்ந்துவிட்டது, பின்னேரம் வந்து எடுக்கிறேன் என்றாள். வரவில்லை.

மறுநாள் விடியவே தகப்பன் வந்தார். நல்லாய் இறுகியிருந்த ரயருக்குக் காற்றடிக்கச் சொன்னார். நான் குனிந்ததும், மகளோடு எந்தப் பொடியனாவது நின்றானா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன், அவர் நம்பவில்லை. அதற்குள் சந்தி ஒரு பொடியனின் பெயரைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. மகளின் சைக்கிளைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. "உந்தச் சைக்கிளை உள்ளுக்கு வைச்சுப் பூட்டு தம்பி, ஒருத்தரும் காணக்கூடாது."

சந்தி எழுந்து நின்ற நாள்

அந்தக் கிழமையே உண்மை தெரியவந்தது: வதனி போராட இயக்கத்துக்குப் போய்விட்டாள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கந்தையா அண்ணையைக் கண்டால் சனம் ஒதுங்கி வழிவிட்டது. சைக்கிளை நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் ஒருவரோடும் கதைப்பதில்லை.

ஒரு வருஷம் ஆகவில்லை, அவளைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்க விடவில்லை. வாகனம் சந்தியைக் கடந்தபோது சந்தை முழுதும் எழுந்து நின்றது. நானும் கடையைப் பூட்டிவிட்டு நின்று அழுதேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போனேன். வந்தவர்களெல்லாம் மகளால் அவருக்குப் பெருமை என்றார்கள். எல்லாரும் எழும்பிப் போனபின் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆரோடையாவது ஓடிப்போயிருந்தாளெண்டால், சந்தி சிரிச்சாலும் என்ரை பிள்ளை எங்கையாவது உயிரோடை இருந்திருப்பாள், தம்பி."

ஒரு குடும்பத்துக்கு வரக்கூடிய கேடுகளில் சந்தி சிரிப்பதுதான் ஆகச் சின்னது என்று, சந்தியிலேயே கடை வைத்திருந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது.