பையிலிருந்து கொட்டிய இருபத்து மூன்று தாள்கள்

ஆறாம் வகுப்பில், வீட்டுப்பாடம் எழுதாத சோம்பேறி என்று பள்ளிக்கூடம் முழுக்க நான் பெயர் வாங்கியிருந்தேன். அம்மாவுக்கு மட்டும் அது தெரியாது. டயரியில் மிஸ் எழுதி அனுப்பும் புகார்களை வீட்டில் காட்டவும் நான் மறந்துவிடுவேன்.

அம்மாவுக்கு பேகம்பேட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், தபால் அனுப்பும் பிரிவில் வேலை. சாயங்காலம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும், முகம்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் எழுந்து ஓடினால் பிடித்து இழுத்து வருவாள். ஒர்க்‌ஷீட்டில் கடைசிக் கணக்கை முடிக்கும்வரை நகரமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாரெட்பள்ளியில் இருந்த என் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பையன் இரண்டு மாதமாக ஒரு ஒர்க்‌ஷீட்கூடக் கொடுக்கவில்லை, டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்கிறார் பிரின்சிபால், உடனே வாருங்கள் என்றார் வகுப்பு மிஸ்.

மிஸ் தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். கண்டிப்புக்குப் பேர்போனவர். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதற்காகச் சொந்த மகளையே விஜயவாடா பக்கம் ஒரு ஹாஸ்டலில் போட்டவர். அதை எங்களிடம் வாரம் ஒருமுறையாவது பெருமையாகச் சொல்லிக் காட்டுவார்.

"நான் பக்கத்துல உக்காந்து எழுத வெக்கறேன் மேடம், என் கண்ணால பாத்திருக்கேன்" என்றாள் அம்மா. பிள்ளைக்காகப் பொய் சொல்லும் அம்மாக்களை மிஸ் நிறையப் பார்த்தவர். என் பையை எடுத்து மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார்.

ஒற்றைக் காலுறை விழுந்தது. மூன்று பாட்டில் மூடிகள், ஒரு பந்து, காய்ந்துபோன பாதி இட்லி. பிறகு அடியில் நசுங்கிக் கிடந்த தாள்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. எல்லாம் ஒர்க்‌ஷீட்டுகள். எல்லாவற்றிலும் தேதி, என் கையெழுத்தில் என் பெயர், போட்டு முடித்த கணக்குகள். மிஸ் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். பதினைந்தைத் தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இருபத்து மூன்று. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இத்தனையுமா என் பையில் இருந்தன?

"எந்துகு இவ்வலேது ரா?" என்றார் மிஸ். ஏன் கொடுக்கவில்லை என்று அவ்வளவு மெதுவாக அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

"ராசேஸா கதா மிஸ்" என்றேன். எழுதிவிட்டேனே, அதற்குமேல் என்ன இருக்கிறது என்றுதான் நிஜமாகவே நினைத்திருந்தேன். அவர் கேட்கும் நாட்களில் பைக்குள் கையை விட்டுத் துழாவுவேன். பந்து அகப்படும். அதோடு எதைத் தேடினேன் என்பது போய்விடும். வெளியே நில் என்றால் நிற்பேன்.

அம்மா அடிப்பாள் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. இட்லியை எடுத்துத் தன் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மிஸ் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். டி.சி. பற்றிப் பேச்சே எழவில்லை. மத்தியானம் அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். என்னால் தலைவலி வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் அம்மா என் கையில் ஒரு நீள நோட்டைக் கொடுத்தாள். அவள் ஆபீஸில் பியூன் தபாலோடு கொண்டுபோகும் புத்தகம் மாதிரியே கோடு போட்டிருந்தாள். வரிசை எண், தேதி, என்ன தாள், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. "பியூன் கையெழுத்து வாங்காம திரும்ப மாட்டார். நீயும் வாங்காம வரக் கூடாது" என்றாள்.

"மிஸ்ஸு என்ன உங்க செக்‌ஷன் ஆபீஸரா?" என்று அப்பா சிரித்தார்.

வகுப்பும் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நேரம் உட்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாளே நான் நோட்டை ஆட்டோவில் விட்டுவிட்டேன். அம்மா இன்னொன்றுக்குக் கோடு போட்டாள். மிஸ் அதை வாங்கித் தன் மேஜைக்காலில் கயிற்றால் கட்டிப் போட்டார். பிரேயர் முடிந்ததும் அவரே என் பெஞ்சுக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பார். தாள் கைக்கு வரும்வரை நிற்பார். அந்த வருஷம் நான் பாஸ்.

நோட்டு வந்த அதே வாரத்தில் மிஸ்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் ஒரு ரெட்டை ஜடைப் பெண் உட்கார்ந்து வந்தாள். மிஸ்ஸின் மகள்தான், ஹாஸ்டலிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று வகுப்பில் பேசிக்கொண்டோம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சில நாள் கழித்து, அதே மாதிரி இன்னொரு நோட்டுக்குக் கோடு போட்டுத் தர முடியுமா என்று மிஸ் அம்மாவிடம் கேட்டார். என் நோட்டு மாதிரியே யாருக்கோ கொடுக்கிறார்கள் என்று எனக்கு மகா கோபம். அந்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவில் மிஸ் எந்த ஊருக்கு பஸ் ஏறினார், அங்கே யாருடைய பையைக் கவிழ்த்தார் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.