எட்டுத் தூண் வீட்டின் தென்பாகம்

கள்ளக்குறிச்சியில் பூமாலையின் வீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆராய யாரும் வராததால் அவரே ஆராய்ந்து மூன்று காலங்களாகப் பிரித்து வைத்திருந்தார். தாத்தா கல்வராயன் மலையிலிருந்து வேங்கை மரங்களை மாட்டுவண்டியில் இறக்கி, முற்றத்தைச் சுற்றி எட்டுத் தூண் நிறுத்தி, ஆணியே அடிக்காமல் உத்திரங்களைக் கோத்தது முதற்காலம். அப்பா நாட்டு ஓட்டை இறக்கிச் சீமை ஓடு போட்டு, கூரையை முன்னைவிட நன்றாக ஒழுகவைத்தது இடைக்காலம். மூன்றாவது, பாகப்பிரிவினைக் காலம்.

மண்சுவருக்கு மதிப்பில்லை என்று பெரியவர்கள் வழக்கப்படி வீட்டைத் தூண் கணக்கில் பிரித்தார்கள். வடக்கே நாலு அண்ணன் பூமாலைக்கு, தெற்கே நாலு தம்பி தங்கதுரைக்கு. கூரையை யாரும் பிரிக்கவில்லை. அது இரு தரப்பையும் நம்பி மேலே இருந்தது.

தம்பி பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். பூமாலைக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த பெண்வீட்டார் எல்லோரும் தூணைத் தட்டிப் பார்த்துப் பாராட்டி, அந்தத் திருப்தியோடு போய்விட்டார்கள். வருஷத்தில் ஒரே ஒருவர்தான் அந்த வீட்டில் கை நனைத்தார். பொங்கலுக்கு முன்பு தம்பி வருவார். கரையான் அண்டாதபடி தன் நாலு தூணுக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவார். அண்ணன் தூணில் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொள்வார். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார். அந்த ஒரு வேளைக்கு என்ன குழம்பு என்று பூமாலை கார்த்திகையிலேயே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

எண்பத்தேழு செப்டம்பரில் தம்பி லாரியோடு வந்து இறங்கினார்.

"புது வூடு கட்றேண்ணே. என் பங்குத் தூண எடுத்துக்கினு போறேன்."

"கூர இன்னா ஆவறது?"

"செங்கல் தூணு கட்டிக் குடுத்துட்டுத்தான் போவேன். நான் இன்னா அவ்ளோ மோசமானவனா?"

"செங்கல்லுக்கு எண்ணெ தடவ வேணாமே."

"வேணாம்ண்ணே. இனிமே எனுக்கும் இங்க அலைச்சல் இல்ல, உனுக்கும் தொந்தரவு இல்ல."

தொந்தரவு தீர்ந்த செய்தியைக் கேட்டுக்கொண்டு பூமாலை குழம்புக்குப் புளி கரைக்கப் போனார்.

சின்னக்கண்ணு ஆசாரி முட்டுக் கொடுத்து, கொத்தனாரை வைத்துச் செங்கல் தூண் எழுப்பி, வேங்கைத் தூண்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார். ஏற்றி முடித்த அன்றைக்கே இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. சாலைகளில் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. லாரி தெருவிலேயே நின்றது. தம்பி வீட்டுக்குள்ளேயே நின்றார்.

காலையில் பூமாலை கடைத்தெருவுக்குப் போய் விசாரிப்பார்.

"மரத்த எடுத்துட்டாங்களா?"

"எங்க எடுத்தாங்க?"

"பாவம்" என்று சொல்லி, தம்பிக்குப் பிடித்த பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கி வருவார். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த சேதி வந்த அன்று, மறியல் நீள வேண்டும் என்ற தன் ஆசையை நினைத்துக் கூசினார். கூசிக்கொண்டே இரண்டு பேருக்கு அரிசி களைந்தார்.

"மீன் கொழம்புல உப்பு கம்மிண்ணே. அம்மா வச்ச மாதிரி இல்ல."

"அம்மா உனுக்குத்தான்டா மீன் தல வைக்கும். எனுக்கு வாலுதான். அந்த ருசி எனுக்கு எங்க தெரியும்?"

தம்பி புரையேறச் சிரித்தார். அந்த வீட்டில் ஒருவர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்பதைப் பூமாலையின் ஆராய்ச்சியும் சொல்லவில்லை.

பிறகு சாலை திறந்தது. தம்பி பையைத் தூக்கியபோது பூமாலை வாசலில் வழிமறித்தார்.

"என் தூணு நாலையும் நீயே எடுத்துக்கோ, தங்கதுர. ஒரே வாட்டி வேணாம். வருஷத்துக்கு ஒண்ணா வந்து எடுத்துக்கினு போ."

அண்ணனுடைய நல்ல மனசு தம்பியைத் தொட்டுவிட்டது. கண்கூடக் கலங்கியது.

"வருஷா வருஷம் எதுக்குண்ணே வந்துக்கினு? லாரில எடம் ஜாஸ்தியாவே கீது, இப்பவே ஏத்திக்கிறேன். நீ போயி ஆசாரிய இட்டுக்கினு வா."

ஆசாரி வீடு அடுத்த தெருதான். பூமாலை சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பினார். ஓரமாகத் தள்ளிவிடப்பட்டிருந்த புளியமரங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தபடி, ஊரைச் சுற்றி நடந்தார்.