கழிவறைக்குக் கீழே சாப்பாடு

மேசையைத் துடைக்க வந்த பூமாரி, அதன் மேல் விரித்திருந்த சார்ட் தாளைப் பார்த்ததும் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தாள் முழுவதும் கட்டங்கள், கட்டங்களுக்கிடையே அம்புக்குறிகள். எல்லாவற்றுக்கும் மேலே, இரட்டைக் கோடு போட்ட பெரிய கட்டத்தில் ‘உரிமையாளர் திரு. சுடலைமணி’. அதற்குக் கீழே, அவர் மகன் ‘மேனேஜர் அருள்குமார்’. அதற்குக் கீழே ‘ஜீப்’. ஜீப்புக்குக் கீழே ‘அறைகள்’. அறைகளுக்குக் கீழே ‘வசதிகள்’. அதற்கும் கீழே, தாளின் அடியோரத்தில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி எழுதியிருந்தது: வெந்நீர், கழிவறை, வண்டி நிறுத்துமிடம், சாப்பாடு.

இன்னொரு முறை படித்தாள். கழிவறைக்குக் கீழேதான் இருந்தது சாப்பாடு. எழுத்து சின்னமுத்துவுடையது, அவள் புருஷனுடையது. அண்ணன் சுடலைமணி சொல்லச் சொல்ல உட்கார்ந்து எழுதியிருக்கிறான். முந்தின நாள் சாயங்காலம் அண்ணனும் தம்பியும் இந்த மேசையில் குனிந்துகொண்டு சிரித்த சிரிப்பு அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவர்களுக்கு நடுவே சுக்குக்காப்பி வைத்துவிட்டுப் போனவளும் அவள்தான்.

பூமாரி பிறந்தது உடும்பஞ்சோலையில், ஒரு ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவோடு காய் எடுக்கப் போனாள். அதிகம் பேச மாட்டாள். யார் எதை மென்று விழுங்குகிறார்கள், யார் தட்டில் எது மீந்து கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். சக்குபள்ளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சின்னமுத்து ஜீப் ஓட்டுகிறவன். ஒரு மழைக்காலத்தில் வழியில் மண் சரிந்து, கொச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை வேறு வழியில்லாமல் வீட்டுக்குக் கூட்டி வந்தான். பூமாரி வீட்டில் இருந்ததைப் போட்டாள். மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு, சுட்ட அப்பளம், தோட்டத்தோரம் பறித்த கீரை. அடுத்த வருஷம் அதே குடும்பம் இன்னும் இரண்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தது. மலை பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். வந்ததும் கேட்டது குழம்பைத்தான். ராத்திரி தங்க இடம் உண்டா என்று கேட்கிறவர்கள் பெருகினார்கள். ஒரு பெரிய தோட்டத்தில் கடைசிவரை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற சுடலைமணி, தன் பங்கு நிலத்தில் மூன்று அறை கட்டினான். வாசலில் ‘மூணுகல் ஹோம்ஸ்டே’ என்று போர்டு வந்தது. பூமாரியின் அடுப்படி அந்தப் போர்டுக்குப் பின்னால் போயிற்று.

அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தாளைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தபோது செபாஸ்டின் வந்தான். கட்டப்பனையில் இருந்துகொண்டு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிற பையன். எந்தப் பக்கத்துக்குள் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வரைந்து வையுங்கள் என்று போனில் சொன்னவன் அவன்தான். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தான்.

“சேட்டா, நான் கேட்டது சைட் மேப்பு,” என்றான் சுடலைமணியைப் பார்த்து. “வீடு கட்டும்போது பிளான் போடுவோமில்லே, எந்த ரூம்லேர்ந்து எந்த ரூமுக்குக் கதவுன்னு? அது மாதிரி. இது வேற என்னமோ மாதிரி இருக்கு.”

“எல்லாம் முறைப்படிதான் இருக்கு,” என்றான் சுடலைமணி. “மொதல்ல மொதலாளி. பொறவு மேனேஜரு. பொறவு டிரைவரு. தோட்டத்துல காயெடுக்கவ நேரா மொதலாளி பங்களாவுக்கா போவா? கங்காணிட்டச் சொல்லி, கங்காணி சூப்பர்வைசர்ட்டச் சொல்லி…”

“வரது காயெடுக்க ஆளில்லே சேட்டா, கெஸ்டு. சாப்பாடு என்ன கிடைக்கும்னு பாக்கணும்னா மேல இருந்து ஆறாவது கட்டத்துக்கு எறங்கி வரணும். ரெண்டாவதுலயே மூடிட்டு வேற ஹோம்ஸ்டே தேடிப் போயிடுவாங்க.”

“பசிச்சவன் தேடுவான்.”

சின்னமுத்து சிரித்தான். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற பூமாரிக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் போட்டாள். சத்தம் கேட்டு மூன்று பேரும் திரும்பினார்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தம்பி மனைவி புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். அவனும் அவளிடம் பேச மாட்டான். சோறு வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வான். அவள் பதிலைச் சின்னமுத்துவிடம் சொல்வாள், சின்னமுத்து அண்ணனிடம் சொல்வான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். பூமாரி இன்று சின்னமுத்துவைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து செபாஸ்டினுக்கு எதிரே நின்றாள்.

“தம்பி, அவங்ககிட்டக் கேளுங்க. சாப்பாடு ஏன் கக்கூசுக்குக் கீழ இருக்குன்னு.”

செபாஸ்டினுக்கு வழக்கம் தெரியாது. விடுதிக்காரரே பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு விநாடி விழித்தான். பிறகு, “சேட்டா, சேச்சி கேக்கறாங்க, சாப்பாடு ஏன் கக்கூசுக்குக் கீழன்னு,” என்றான்.

சுடலைமணி சுவரைப் பார்த்தான். “ரெண்டும் கெஸ்டுக்கு ஒரு வசதிதான்னு சொல்லு.”

“ரெண்டும் வசதிதானாம் சேச்சி.”

“அப்ப நாளைக்கு வாற ஆறு பேருக்கும் அந்த வசதியையே காட்டச் சொல்லுங்க. அடுப்பு எரியாது.”

இதைச் செபாஸ்டின் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“ஏ பூமாரி,” என்று சின்னமுத்து எழுந்தான்.

“நீங்க உக்காருங்க. எழுதினது நீங்கதான?” அவள் குரல் உயரவில்லை. ஆனால் நடுங்கிற்று. அது பயத்தில் வந்த நடுக்கம் என்று அவன் நினைத்துவிடக் கூடாதே என்று நிமிர்ந்து நின்றாள். “அவங்க சொன்னாங்க. சொல்லத்தான் செய்வாங்க, தோட்டத்துல அப்படித்தான் பழக்கம். எழுதுத கைக்கு வீட்டுச் சோறு ஞாவகம் வரலியா?”

“சும்மா ஒரு தாளுதான…”

“ஊரு ஒலகம் பூரா பாக்கப்போற தாளுன்னு நீங்கதான சொன்னீங்க?”

சுடலைமணி செபாஸ்டின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டான். “தம்பி, சொல்லு. சாப்பாட்ட மேல ஏத்திக்கிடலாம். அதுக்குன்னு ஒரு பக்கமும் போட்டுக்கிடலாம். அவ்வளவுதான?”

“சேச்சி, தனிப் பக்கம் கிட்டும்,” என்றான் செபாஸ்டின் சந்தோஷமாக. தகராறு முடிந்தது என்று நினைத்து லேப்டாப் பக்கம் திரும்பினான். “பேரு என்ன போடணும்? ‘உணவு’ன்னா?”

“பூமாரி சமையல்னு போடுங்க.”

“ஓட்டல்ல சமையக்காரி பேர எவன் போடுதான்?” சுடலைமணிக்கு இந்த முறை சுவரைப் பார்க்கவும் மறந்துபோனது. “அருளு பேரு இருக்குன்னா அவன் மேனேஜரு. இவன் பேரே அதுல இல்ல, ஜீப்புன்னுதான் போட்டிருக்கு. இவன் கேக்குதானா?”

அது உண்மைதான். சின்னமுத்துவின் பெயரும் தாளில் எங்கும் இல்லை. அதை எழுதியவனுக்கே அப்போதுதான் உறைத்தது போல் குனிந்து தாளைப் பார்த்தான்.

“அவரு கேக்க மாட்டாரு தம்பி,” என்றாள் பூமாரி. “நான் கேக்கேன். எம்பேரு போட்டா எஞ்சோத்துப் படத்தப் போடுங்க. பேரு இல்லன்னா படமும் வேண்டாம்னு சொல்லிருங்க.”

செபாஸ்டின் லேப்டாப்பில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். கெஸ்டுகள் எடுத்து அனுப்பியவை. வாழையிலையில் குழம்பு, ஆவி பறக்கும் கப்பைக்கிழங்கு, மண்சட்டி, மறுபடியும் இலை, மறுபடியும் சட்டி. நடுநடுவே நீலப் போர்வை போர்த்திய ஒரு கட்டிலும், பனியில் சரியாகத் தெரியாத ஒரு மலையும் வந்தன.

“சேட்டா,” என்றான் மெதுவாக, “சாப்பாட்ட எடுத்துட்டா எனக்கு ஒரு கட்டிலும் ஒரு மூடுபனியும்தான் மிச்சம்.”

தகரக் கூரையில் மழை வலுத்தது. கடைசியில் சின்னமுத்து பேனாவை எடுத்தான். அண்ணனை நிமிர்ந்து பார்க்காமல் அடிக்கட்டத்திலிருந்த ‘சாப்பாடு’ என்ற சொல்லை அடித்தான். மேலே, அண்ணனின் இரட்டைக் கோட்டுக் கட்டத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் ஒரு கட்டம் வரைந்து ‘பூமாரி சமையல்’ என்று எழுதினான்.

“ஏலே, அங்கயா?” என்றான் சுடலைமணி.

“எங்க போடச் சொல்லுத? இவ சோறு இல்லன்னா எவன் அண்ணே வாரான் இங்க?”

சுடலைமணி குடையைக்கூட எடுக்காமல் எழுந்து தன் வீட்டுக்குப் போனான். போகும்போது செபாஸ்டினிடம்தான் சொன்னான், “எப்படியோ போட்டுத் தொலை.”

சின்னமுத்து பூமாரியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. “நேத்து சாயங்காலம் இந்தப் பேனா எங்க போச்சு?” என்று கேட்டாள். அவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

செபாஸ்டின் கட்டங்களையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றினான். முதல் பக்கம், அதிலிருந்து சமையல், அறைகள், ஜீப், ஆட்கள், வரும் வழி என்று எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. உரிமையாளரும் மேனேஜரும் ‘ஆட்கள்’ என்ற பக்கத்துக்குள் போனார்கள். அதை அவன் யாரையும் கேட்கவில்லை. கெஸ்டு அதையெல்லாம் கடைசியில்தான் பார்ப்பான் என்றான். பூமாரியின் பக்கத்துக்கு அவள் படம் ஒன்று வேண்டும் என்று போனை நீட்டினான்.

கல்யாணப் போட்டோவில்கூடத் தரையைப் பார்த்து நின்றவள் அவள். இப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி நிலையில் போய் நேராக நின்றாள்.

“சேச்சி, கொஞ்சம் சிரிக்கணும். கெஸ்டு பாக்கறதில்லே?”

“சிரிப்பு வரல தம்பி. இப்படியே எடுங்க.”

அவன் இரண்டு முறை எடுத்தான். இரண்டிலும் அவள் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். வேறு நல்ல நாளில் வந்து எடுக்கிறேன் என்றான். வேண்டாம் என்றாள். அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். கையில் கரண்டி, கண்ணில் கோபம், கீழே அவள் பெயர். இந்தச் சேச்சி திட்டுவாரா என்று போனில் கேட்டுவிட்டு வருகிற கெஸ்டுகள் இருக்கிறார்கள். சாப்பாட்டை மிச்சம் வைத்தால் திட்டுவாள் என்று சின்னமுத்து சொல்லி வைத்திருக்கிறான். படத்தை மாற்றச் சொல்லி சுடலைமணி இரண்டு மூன்று தடவை சுவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டான். பூமாரி இன்னும் பதில் சொல்லி அனுப்பவில்லை.