குளக்கரைக்காரரைத் தெரியாது என்றேன்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்ட் ஊரில், மாதம் ஒருமுறை லைப்ரரியின் சின்ன அறையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடித் தமிழில் புத்தகம் பேசுவோம். என் முறை வந்தபோது பழைய அமெரிக்க எழுத்தாளர் ஒருவரை எடுத்துக்கொண்டேன். குளக்கரையில் குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்தவர். அடிமை முறைக்குத் துணைபோகிற அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனவர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அரசு தப்புச் செய்தால் நாமும் கீழ்ப்படியக் கூடாது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசி முடித்தேன். கூட்டம் நடத்தும் ஆன்ட்டி அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டார்.

மறுவாரமே கிரீன் கார்டு இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. எத்தனை வருடக் காத்திருப்பு! என் கணவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? ஆன்லைன்ல போடறதெல்லாம் செக் பண்றாங்களாம்."

"அவரை இங்க ஸ்கூல்லயே பாடமா வெச்சிருக்காங்க."

"அவர் சிட்டிசன். நீ யாரு?"

இவர் வேலை, வீடு, பத்தாவது படிக்கும் மகள், எல்லாம் என் வாயால் போய்விடுமோ என்று பயந்தேன். ஆன்ட்டிக்குப் போன் செய்தேன்.

"நீ நல்லா பேசினதா எல்லாரும் சொல்றாங்களேம்மா."

"ப்ளீஸ் ஆன்ட்டி, டிலீட் பண்ணிடுங்க."

அவர் வீடியோவை நீக்கிவிட்டார். அப்படியும் பயம் போகவில்லை. லைப்ரரி புத்தகங்களை வாசல் பெட்டியில் திருப்பிப் போடும்போது, நானே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த அந்த எழுத்தாளரின் புத்தகத்தையும் சேர்த்து அந்தப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

இன்டர்வியூ அன்று வலது கையைத் தூக்கி, உண்மையே பேசுவேன் என்று உறுதிமொழி சொன்னோம். கல்யாணத்துக்கு அத்தாட்சி என்று நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோ ஒன்றுவிடாமல் பிரிண்ட் போட்டு, ஒரு தடிமனான ஃபைல் கொண்டுபோயிருந்தார் இவர். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். அதிகாரி ஒரு வயதான அம்மாள். பக்கங்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். மைக்கும் கையுமாக நான், முன்வரிசையில் இவர். எனக்குப் பின்னால், திரை முழுக்க அந்த எழுத்தாளரின் குடிசைப் படம். முதல் வரிசையில் தன் தலை தெரிகிறது என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறார் மனிதர்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் என்றார். அவரைப் பற்றித்தான் பேசினீர்களா என்று ஆசையாகக் கேட்டார்.

மேஜைக்கடியில் என் கணவர் முழங்காலால் என்னை இடித்தார்.

"இல்லை, அவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்றேன். "வேறு யாரோ போட்ட படம்."

அந்த அம்மாளின் சிரிப்பு அடங்கியது. பக்கத்தைப் புரட்டினார்.

கார்டு வந்துவிட்டது. போன வாரம் ஆன்ட்டி கூப்பிட்டார். "இனிமே என்னம்மா பயம்? வீடியோவை மறுபடி போட்டுடவா?"

"வேண்டாம் ஆன்ட்டி" என்றேன். அந்த அதிகாரி அம்மாள் அதைப் பார்த்துவிட்டால் என்ன செய்வேன்?