அழிப்பான் இல்லாத கணக்கு வகுப்பு

குணவதி டீச்சரிடம் ஒரு நீலக் கோப்பு உண்டு. இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர் போய் வந்த பயிற்சிகளின் சான்றிதழ்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்க்கவில்லை. நாற்பதுக்குக் குறையாது.

அந்தப் பயிற்சிகள் எப்படி நடக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒருவர் போவார். காலையில் கையெழுத்து, பத்து மணிக்குத் தேநீரும் மீ கோரேங்கும், பிறகு குளிர்ந்த மண்டபத்தில் திரையில் ஒருவர் காட்டும் பக்கங்கள். இரண்டாம் நாள் மாலை சான்றிதழ். போனவர் திரும்பி வந்து மற்ற ஆசிரியர்களுக்கு அதையே ஒரு சனிக்கிழமை சொல்ல வேண்டும். மண்டபத்தில் இரண்டு நாள் பேசியது பள்ளியில் முப்பது நிமிடமாகும். அதோடு அந்தப் பயிற்சி முடிந்துவிடும்.

டீச்சர் சுங்கை பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். அப்பா நகராண்மைக் கழகத்தில் சாலை வேலை. ஐந்தாம் படிவம் முடித்து, பயிற்சி பெற்று, 1975-இல் ஆசிரியரானார். கணவர் வேலு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சின்ன வகுப்புகளுக்குக் கணக்குதான் எடுத்திருக்கிறார். பாசாரில் காய்கறி வாங்கும்போது பழைய மாணவர்கள் பார்த்தால் பெயர் சொல்வதில்லை, ‘கணக்கு டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் டீச்சரின் தமிழ்ப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாகப் போனது 1998 ஜனவரியில். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். தாசேக் கெலுகோரில் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தார்கள். பொருளாதார நெருக்கடியில் ஊரே வேலை தேடிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்தது இதுதான். ஆசிரியர் அறையில் டீச்சருக்கு அடுத்த நாற்காலி எனக்கு.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் தலைமையாசிரியர் கார்த்திகேசு டீச்சரைக் கூப்பிட்டார். மூன்றாம் ஆண்டு வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். போன ஆண்டு இறுதித் தேர்வில் அவர்களில் பத்துப் பேர்தான் கணக்கில் தேறியிருந்தார்கள். முதல் இரண்டு ஆண்டும் அவர்கள் படித்தது குணவதி டீச்சரிடம்தான். மே மாதத் தேர்வில் பாதிப் பேராவது தேற வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன், நீங்கள் ஓவியமும் உடற்கல்வியும் எடுங்கள் என்றாராம். அவர் குரலை உயர்த்தவில்லை. பெற்றோர்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கவலை அவருக்கு.

டீச்சர் என்னிடம் இதைச் சொல்லும்போது புத்தகங்களுக்குச் சிவப்பு மை போட்டுக்கொண்டேதான் சொன்னார். “நாப்பத்தாறு வயசுல பந்து தூக்கிக்கிட்டு பாடாங்குக்குப் போகணும்” என்று விளையாட்டுத் திடலைக் காட்டிச் சிரித்தார். பிறகு பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

பிரச்சினை கழித்தல். பத்திலிருந்து கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் வரவில்லை. அது வராததால் பெருக்கல், வகுத்தல் எதுவும் ஏறவில்லை.

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த தோழி ஒருத்தி ஒரு மின்னஞ்சல் குழுவைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஆரம்பப் பள்ளியில் கணக்கு எடுப்பவர்கள் இருநூறு பேர் அதில் இருந்தார்கள். ஒருவர் கேள்வி எழுதினால் எல்லாருக்கும் போகும். தெரிந்தவர் பதில் எழுதுவார். எங்கள் பள்ளிக் கணினிக்குத் தொலைபேசி இணைப்பு இல்லை. அதனால் சனிக்கிழமை காலை சூலியா தெருவில் பஷீர் அண்ணன் கடைக்குப் போனோம். முன்பக்கம் நாணய மாற்று, பின்பக்கம் நான்கு கணினிகள். முதுகுப்பையோடு வரும் சுற்றுப்பயணிகள்தான் அங்கே வழக்கமாக உட்கார்ந்திருப்பார்கள்.

“வெள்ளக்காரங்க ஊருக்கு லெட்டர் போட வர்றாங்க. நீங்க என்னா டீச்சர், கழித்தல் படிக்கவா வந்தீங்க?” என்றார் பஷீர் அண்ணன், நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டதும்.

“ஆமா. உங்களுக்கும் சில்லறை சரியா வரலன்னா பக்கத்துல வந்து உக்காருங்கலா” என்றார் டீச்சர்.

டீச்சர் தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் தட்டினேன். எனக்கு அது நன்றாக எழுதத் தெரிந்த விஷயம் என்ற நினைப்பு. பிள்ளைகளின் சமூகப் பொருளாதாரப் பின்னணி, கற்பதில் ஊக்கமின்மை, வீட்டில் ஆதரவு இல்லாமை என்று இரண்டு பத்தி எழுதினேன். அடுத்த சனிக்கிழமை ஆறு பதில்கள் வந்திருந்தன. பரிசு கொடுங்கள், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், பொறுமையாக இருங்கள். ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன்.

டீச்சர் கேட்டுவிட்டு, நான் அனுப்பியதையும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கியது.

“பிள்ளைங்க மேல பழியப் போட்டுட்டியே தங்கச்சி. எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியலன்னுதான நான் சொன்னேன்.”

அதை நான் வேண்டுமென்று மாற்றவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் ஒரு மூத்த ஆசிரியைக்குத் தெரியவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் நான் காப்பாற்றியது எதை என்று இப்போதும் யோசிக்கிறேன். பட்டதாரி எழுதினால் பட்டதாரி எழுதியது போல இருக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. அவருக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும் என்பதும், குழுவில் பாதிப் பேர் மலாயில்தான் எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால் மலாயில் நாலு வரி தட்டினார். அரைமணி நேரமானது. நான் மூன்றாம் ஆண்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். கடன் வாங்கிக் கழிப்பது பிள்ளைகளுக்கு வரவில்லை. பலமுறை சொல்லிக் கொடுத்துவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு பதில் வந்திருந்தது. எழுதியவர் ரோஹானா, திரங்கானுவில் ஒரு மீனவக் கிராமத்துப் பள்ளியின் ஆசிரியை. மதிப்பெண் எல்லாம் வேண்டாம் அக்கா, பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்குகளை அப்படியே அனுப்புங்கள், பத்துப் போதும் என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை டீச்சர் முப்பத்தொரு பயிற்சிப் புத்தகங்களையும் மேசைமேல் அடுக்கிப் பார்த்தார். நானும் கூடப் பார்த்தேன். ஒரு தப்புக் கணக்குகூட இல்லை. எங்கள் பள்ளியின் வழக்கம் அது. தப்பாகப் போட்டால் அழித்துவிட்டு, பலகையில் எழுதிய சரியான விடையைப் பார்த்து எழுத வேண்டும். பள்ளி ஆய்வாளர்கள் வந்தால் முதலில் கேட்பது புத்தகங்களைத்தான். அதனால் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும். சில பக்கங்கள் அழித்து அழித்துக் கிழிந்திருந்தன. கிழிசலுக்குப் பக்கத்திலும் விடை சரியாகவே இருந்தது. இருபத்து மூன்று ஆண்டாகப் பிள்ளைகள் என்ன தப்புச் செய்கிறார்கள் என்பதை டீச்சரே அழிக்க வைத்திருந்தார்.

மறுநாள் ஒரு காலி மைலோ டின்னில் எல்லா அழிப்பான்களையும் வாங்கிப் போட்டார். பிள்ளைகளுக்கு அது பெரிய தண்டனை போல இருந்தது. ஒருத்தி அழுதாள். இரண்டு பையன்கள் எச்சில் தொட்டு விரலால் அழித்தார்கள். நாலைந்து நாள் கழித்துத்தான் தப்பை அப்படியே விட்டுவைக்கும் தைரியம் வந்தது.

அடுத்த வாரச் சனிக்கிழமை அந்தக் கணக்குகளைத் தட்டி அனுப்பினோம். ஐம்பத்திரண்டில் இருபத்தெட்டு போக முப்பத்தாறு. முப்பத்திரண்டில் பதினைந்து போக இருபது. நாற்பத்து மூன்றில் பத்தொன்பது போக முப்பத்து நான்கு. ரோஹானாவின் பதில் நீளமாக வந்தது. இது மூன்று விதமான தப்பு என்றார். முதல் பிள்ளை, மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிக்கிறாள். இரண்டாவது பிள்ளை, கழிக்க முடியாத இடத்தில் சுழியம் போடுகிறான். மூன்றாவது பிள்ளை கடன் வாங்குகிறான், வாங்கிய இடத்தில் குறைப்பதில்லை. மூன்று பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் எப்படி? முதல் வகைப் பிள்ளைகளிடம் ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் கேளுங்கள், தப்பு என்று சொல்லாதீர்கள் என்று முடித்திருந்தார்.

டீச்சர் அப்படிக் கழித்த, முதல் வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாளாம்: “நீங்கதான டீச்சர் சொன்னீங்க, பெருசுலருந்துதான் சின்னதக் கழிக்கணும்னு.”

முதலாம் ஆண்டில் கழித்தலைத் தொடங்கும்போது அவர் சொல்லும் வாக்கியம் அது. 1975-இலிருந்து சொல்லி வருகிறார். இதைச் சிற்றுண்டிச் சாலையில் என்னிடம் சொன்னபோது, எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். அன்று அவர் தேநீர் குடிக்கவில்லை.

அந்த வாரம் அவர் எழுதியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். தப்பு என்னுடைய வாயிலிருந்துதான் போயிருக்கிறது என்று இருநூறு பேருக்கு எழுதினார். அடுத்த சனிக்கிழமை ஒன்பது பதில்கள் வந்திருந்தன. நானும் அதையேதான் சொல்லி வந்தேன் என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள்.

பிறகு வேலை நடந்தது. இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, தேவைப்படும்போது ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்க வைத்தார். இந்த முறை நீலக் கோப்பில் இருக்கும் 1989-ஆம் ஆண்டுப் பயிற்சியிலேயே சொன்னதுதான் என்றார். அப்போதே ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

“செஞ்சேன். ஒரு வாரம். பாதிப் புள்ளைங்களுக்கு வரல. ஏன்னு யார்கிட்ட கேக்கறது? கோர்ஸ் எடுத்தவரு கோலாலம்பூருக்குப் போயிட்டாரு.”

ரோஹானா ஒவ்வொரு வாரமும் கேட்டார், இந்த வாரம் எப்படி அக்கா என்று. அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் டீச்சர் வாரம் முழுக்கப் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். ரோஹானாவை அவர் பார்த்ததில்லை. குரலையும் கேட்டதில்லை. நாற்பது சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஏப்ரலில் தலைமையாசிரியர் புத்தகங்களைப் பார்வையிடும் வாரம் வந்தது. எனக்குப் பயம். ஆளுக்கு இன்னொரு புத்தகம் கொடுத்துச் சரியான கணக்குகளை மட்டும் அதில் எழுத வைக்கலாம் என்று யோசனை சொன்னேன். இரண்டு நாள் அப்படியும் செய்தார். இரண்டு நாளும் பாட நேரம் முழுக்கப் பார்த்து எழுதுவதிலேயே போனது. மூன்றாம் நாள் அந்தப் புத்தகங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தப்புகள் நிறைந்த புத்தகங்களையே அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். என் வகுப்புப் புத்தகங்களோடு நானும் பின்னால் போனேன்.

தலைமையாசிரியர் நாலைந்தைப் புரட்டினார். “என்னா டீச்சர் இது, பாசார்ல மீன் கட்டற பேப்பர் மாதிரி இருக்கு? நாசிர் வந்தா நான் என்னா பதில் சொல்றது?” ஆய்வாளரை எல்லாரும் நாசிர் என்றுதான் சொல்வார்கள்.

டீச்சர் விளக்கினார். மின்னஞ்சல் குழுவைப் பற்றியும் சொன்னார். அது யார் நடத்துவது, கடிதம் இருக்கிறதா, சான்றிதழ் தருவார்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் டீச்சர். மே மாதம் பார்ப்போம் என்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார் தலைமையாசிரியர்.

மே மாதத் தேர்வில் பதினைந்து பேர் தேறினார்கள்.

“முப்பத்தொண்ணுல பாதின்னா பதினஞ்சர. அரை ஆள் குறையுது டீச்சர்” என்றார் தலைமையாசிரியர். அதை அவர் நகைச்சுவையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான் என்பதால் அறையில் நின்றிருந்தேன்.

டீச்சர் தேறாத பதினாறு பேரின் விடைத்தாள்களை மூன்று கட்டாகப் பிரித்துக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் வைத்தார்.

“இந்த ஒம்பது பேரு கடன் வாங்கறாங்க, வாங்கின எடத்துல கொறைக்க மறந்துடறாங்க. இந்த நாலு பேரு நடுவுல சுழியம் வந்தா நின்னுடறாங்க. இந்த மூணு பேருக்கு எண்ணே சரியாப் படிக்க வரல, அது என் தப்புதான், ரெண்டு வருஷமா கவனிக்கல. வேற டீச்சர் வரட்டும் சார். ஆனா அவங்க இத மொதல்லருந்து கண்டுபிடிக்கணும். எனக்குத் தெரியும்.”

தலைமையாசிரியர் நடுக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். பெயரை மறைத்துக்கொண்டு இது யார் என்று கேட்டார். டீச்சர் பெயரைச் சொன்னார். இன்னொன்றை எடுத்தார். அதையும் சொன்னார். மூன்றாவது தாளை அவர் கேட்காமலே கீழே வைத்தார். பிறகு நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க டீச்சர்” என்றார். எண் படிக்க வராத அந்த மூன்று பேரைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் பேசினார்கள். எனக்குப் பாடம் இருந்தது, போய்விட்டேன்.

டீச்சரின் அந்த ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் பயிற்சிப் புத்தகங்கள் சுத்தமாக இல்லை என்று ஒரு வரி ஏறியது. கலந்துகொண்ட பயிற்சிகள் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை என்று கோடு போடப்பட்டிருந்தது. டீச்சர் இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு வந்த கோபம் அவருக்கு வரவில்லை. என் பட்டச் சான்றிதழ் தாசேக் கெலுகோர் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்ததோ என்னவோ.

ஆனால் அதெல்லாம் ஆண்டு இறுதியில். மே விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், ஆசிரியர் அறைச் சுவரில் புதிய கால அட்டவணை ஒட்டியிருந்தது. ஓவியத்துக்கு நேராகக் குணவதி என்று இருந்ததைப் பார்த்து நான் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழே வரை படித்தார். மூன்றாம் ஆண்டு, கணக்கு, குணவதி. வாரத்துக்கு ஏழு பாடம், அதோடு ஓவியமும் சேர்த்து.

மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறக்கும் அந்த ஒன்பது பேரையும் ஒரே மேசைக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, குச்சிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.