பிக்கப்பில் சேர்த்த இரண்டு பட்டை

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டு, ஒரு பிக்கப் வாங்கினேன். குளச்சலில் மீன் ஏற்றி, களியக்காவிளை தாண்டிக் கேரளத்துச் சந்தைகளில் இறக்குவது தொழில். ஐஸும் பெட்டிகளும் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எதிரே வருகிறவர்கள் லைட்டைத் தாழ்த்தச் சொல்லித் திட்டுவார்கள். தாழ்த்தித்தான் வைத்திருப்பேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். துணி எடுக்க வந்த மனைவியும் கூட இருந்தாள். மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். பின்பக்கம் ரப்பர் கட்டை வைக்கலாம். லோடு அழுத்தினால் மட்டும் அது தாங்கும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். அல்லது இருக்கிற ஸ்பிரிங்கோடு இன்னும் இரண்டு இரும்புப் பட்டை சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் காலியாக நிற்கும்போது பின்பக்கம் உயர்ந்து தெரியும். முன்பக்கமும் ஒரு அங்குலம் கட்டை கொடுத்துத் தூக்க வேண்டும். கடற்கரையில் எல்லா வண்டியிலும் பட்டைதான். நானும் பட்டை என்றேன்.

"இதுல ஆளு இருந்து போனா எப்பிடி இருக்கும்?" என்று அவள் மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"சும்மா ஓடுனா சாடும்க்கா. லோடு உண்டும்னா அடங்கிக் கெடக்கும்."

"வண்டி ஒனக்கா வாங்குனேன்? மீனுக்குல்லா" என்றேன். அவளும் சிரித்தாள். சாயங்காலம் மெக்கானிக் வண்டியின் தளத்தில் ரசமட்டம் வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அவள் முதுகெலும்பில் கட்டி என்றார்கள். திருவனந்தபுரத்தில் கதிர் சிகிச்சை, எங்கள் பேச்சில் கரண்ட், வைக்க வேண்டும், இருபது நாள், ஞாயிறு மட்டும் லீவு. வாடகைக் காரில் தாழ்ந்து உட்கார அவள் முதுகு விடவில்லை. பிக்கப்பின் நிமிர்ந்த சீட்டில் மட்டும் உட்கார முடிந்தது. லோடு எடுப்பதை நிறுத்திவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.

காலி வண்டி குதித்துச் சாடியது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு குழியிலும் அவள் இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொள்வாள். கத்தமாட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ரோட்டையாவது திட்டியிருப்பேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கியரை மாற்றினேன், பிரேக்கை மிதித்தேன்.

பட்டைகளைக் கழற்ற ஒரு பகல் முழுக்க வண்டி பட்டறையில் நிற்க வேண்டும். ஒரு பகல்கூட எங்களிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள், பட்டறை திறக்காது. "பாரம் ஏத்துங்க அண்ணாச்சி" என்றார் மெக்கானிக். வீட்டில் மாடிப்படி கட்ட இறக்கிய மணல் கிடந்தது. அதைப் பன்னிரண்டு சாக்கில் கட்டி, பின்னால் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினேன்.

மறுநாள் வண்டி அடங்கி ஓடியது. குழித்துறை தாண்டும்போது பார்த்தேன், அவள் கை மடியில் இருந்தது. கண் மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

களியக்காவிளை செக்போஸ்ட்டில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த நாட்களில் இங்கிருந்து கேரளத்துக்கு எதற்கடியில் எல்லாமோ திருட்டு மணல் போய்க்கொண்டிருந்தது, வைக்கோலுக்கடியில்கூடப் போனது. வாரம் ஆறு நாள் அந்த வழியே போகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்று ஞாபகம் வரவில்லை.

"சீக்காளிய முன்னால இருத்திக்கிட்டுப் பின்னால மணலு கடத்துதியாவே?" என்றார் போலீஸ்காரர்.

கோபம் வர வேண்டிய இடம். நான் லைசென்ஸை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள்தான் ஜன்னல் வழியே ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டினாள். "எனக்கு நோவாம இருக்கதுக்குப் போட்டாவ சார். வேற ஒண்ணும் இல்ல."

அவர் சீட்டை இரண்டு தடவை வாசித்தார். "எல்லாத்தையும் எறக்கிப் போட்டுட்டுப் போம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒமக்கு உப்பு மூட்டை கிடைக்கல்லியாவே?" என்றார். பன்னிரண்டு சாக்கையும் நானே ரோட்டோரம் இறக்கினேன். பாக்கி வழி முழுக்க அவள் கை டேஷ்போர்டில் இருந்தது.

மறுநாள் முதல் உப்பு மூட்டை ஏற்றினேன்; அதை யாரும் தடுக்கவில்லை. இருபது நாளும் முடிந்தது. கடைசி நாள் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. திரும்பும் வழியில் வேறு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"திங்கக்கெழம பட்டறையில விட்டு ரெண்டு பட்டையையும் களத்திரலாம். பொறவு நீ எங்க வேணும்னாலும் சொகமா இருந்து போலாம்" என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "களத்தண்டாம். நாளைக்கு நீங்க லோடு எடுத்துப் பொழைக்கண்டாமா?"

வண்டியை ஓரம் கட்டியிருக்கலாம். அவள் கையைப் பிடித்திருக்கலாம். நீ ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று சண்டையாவது போட்டிருக்கலாம். நான் "சரி" என்றேன்.